போரிஸில் நாலு வருடம்: குறிப்பு மிஞ்சியது, காகம் போய்விட்டது

கொழும்புக் காலிமுகத்திடலில் இறால் வடை வண்டிகளைச் சுற்றித் திரியும் காகங்கள்தான் என் ஆய்வு. வீடியோ எடுத்து வந்து, வெள்ளவத்தை அறையில் இருந்தபடி போரிஸில் போட்டு, பறித்தல், துரத்தல், ஒளித்துவைத்தல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விசை தட்டுவேன். வீடியோவில் நடத்தைகளைக் குறிக்க இத்தாலியின் டூரின் பல்கலைக்கழகத்தில் உருவான இலவச மென்பொருள் போரிஸ். அதை உருவாக்கிய ஃப்ரியாரும் கம்பாவும் 2016இல் இதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். குறியிடுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சேமிப்பில்தான் அடிபட்டேன்.

முதல் அடி 2022 மார்ச் கடைசியில், நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நேரம். என் லப்டொப்பின் பற்றரி ஏற்கனவே செத்தது. கரண்ட் போனதும் இரண்டு மணித்தியால வேலையும் போனது. இத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை தானாகச் சேமி என்று சொல்லும் வசதி அமைப்புகளுக்குள் இருக்கிறது. என்னுடையதில் அது பூச்சியத்தில், அதாவது வேலை செய்யாமல், கிடந்தது. அன்றே ஐந்தாக்கினேன்.

பெரிய அடி அடுத்த வருடம். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. எனக்குப் பயமே இல்லை, போரிஸ் என் குறியீடுகளைச் சேமிக்கும் திட்டக்கோப்பைத்தான் கிழமைக்கு ஒருமுறை பென்ட்ரைவில் ஏற்றி வந்தேனே! புது லப்டொப்பில் திறந்தால் குறியீடுகள் எல்லாம் பத்திரம். வீடியோ ஒன்றும் இல்லை. போரிஸ் வீடியோவைத் தன் கோப்புக்குள் வைப்பதில்லை, அது எங்கே இருக்கிறது என்ற பாதையை மட்டும்தான் எழுதி வைக்கும். சில எம்பி அளவுக் கோப்புக்குள் அத்தனை மணித்தியால வீடியோ எப்படி அடங்கும் என்று ஒருநாளாவது யோசித்திருக்கலாம்.

போனவற்றில் 2022 ஏப்ரல் முதல் ஜூலை வரை, போராட்டக் கூடாரங்கள் நின்ற காலத்து வீடியோக்களும் அடக்கம். திடல் முழுக்கச் சமையல், சோற்றுப் பார்சல், காகங்களுக்குக் கொண்டாட்டம். அதை இனி யார் போய் எடுப்பது? குறியீடு இருக்கிறதே என்று ஆறுதலும் பட முடியாது. இன்னொருவர் அதே வீடியோவைப் பார்த்துக் குறித்தால்தான் இருவருக்கும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் கப்பா என்ற அளவைக் கணிக்கலாம். அந்த நாலு மாதத்தையும் ஆய்விலிருந்து எடுத்துவிட்டேன்.

கூகுள் டிரைவில் ஒத்திசைத்தால் போதும் என்பார்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். அது காப்புப்பிரதி இல்லை.

இப்போது வீடியோவும் திட்டக்கோப்பும் ஒரே கோப்புறையில். ஒவ்வொரு நாள் வேலையும் திகதியிட்ட புதுப் பெயரில். திட்டக்கோப்பு ஜேசன் என்ற வெறும் எழுத்து வடிவம் என்பதால் நோட்பேடிலும் வாசிக்கலாம். ஆனாலும் மாதம் ஒருமுறை அட்டவணையாக எக்ஸெலுக்கு எடுத்துவிடுவேன். பாவித்த பதிப்பின் நிறுவல் கோப்பையும் கூடவே வைப்பேன், ஏனென்றால் புதுப் பதிப்பில் சேமித்ததைப் பழையது திறக்காமல் போகலாம். பென்ட்ரைவை நம்புவதை விட்டாயிற்று.

வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு. ஒன்று என்னுடன். மற்றது யாழ்ப்பாணத்தில் அம்மாவின் அலுமாரிக்குள், சேலைகளுக்கு நடுவே. ஊருக்குப் போகும்போதெல்லாம் மாற்றி வைப்பேன்.

"என்ன பிள்ளை இதுக்குள்ள?" என்று போனமுறை கேட்டா.

"காகம், அம்மா."

"சனிக்கிழமையில சோறு வைக்க வாவெண்டு கூப்பிட்டா ஒண்டும் வராது. நீ பெட்டிக்குள்ள அடைச்சு வச்சிருக்கிறாய்."