பார்சிலோனா கண்காட்சிக்குப் போகிறீர்களா? வாடகை வீட்டுக்குப் பணம் அனுப்பும் முன் படியுங்கள்

பிப்ரவரி கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோ மொபைல் வேர்ல்ட் காங்கிரஸ் என்கிற மொபைல் துறைக் கண்காட்சிக்காகப் பார்சிலோனா போகிறவர்களுக்கு இந்தப் பதிவு. பிப்ரவரி தொடக்கத்தில் நடக்கும் ஐ.எஸ்.இ. என்கிற ஆடியோ-வீடியோ சாதனக் கண்காட்சிக்குப் போகிறவர்களும் படிக்கலாம், நிலவரம் ஒன்றுதான். மொபைல் காங்கிரஸ் 2006 முதல் அந்த ஊரில்தான் நடக்கிறது. அந்த வாரம் மட்டும் ஒரு லட்சம் பேருக்கு மேல் வந்து இறங்குகிறார்கள். ஓட்டல்காரர்கள் வாய்க்கு வந்த விலை சொல்வார்கள். சின்னக் கம்பெனிகள் வேறு வழியில்லாமல் நாலைந்து பேருக்குச் சேர்த்து ஒரு வீடு வாடகைக்குத் தேடும். அந்தத் தேடலை நம்பியே பிழைக்கிற ஒரு கூட்டம் இருக்கிறது. எங்கள் கம்பெனியிடம் 2,300 யூரோ கறந்துவிட்டார்கள்.

எல்லோருக்கும் தெரிந்த ஒரு முன்பதிவுத் தளத்தில்தான் வீட்டைப் பார்த்தோம். எஷாம்ப்ளா பகுதி, மூன்று படுக்கையறை, பால்கனி, கண்காட்சி நடக்கும் ஃபிரா கிரான் வியாவுக்கு மெட்ரோவிலேயே போய்விடலாம். கேள்வி அனுப்பியதும் பதில் வந்தது. அடுத்த நாள் பேச்சு வாட்ஸ்அப்புக்கு மாறியது. தளத்துக்குக் கமிஷன் அழுவதற்குப் பதில் நேரடியாக அனுப்பினால் 15 சதவீதம் குறைத்துக்கொள்கிறேன் என்றார் 'வீட்டுக்காரர்'. நல்ல மரியாதையான ஆள். கேட்பதற்கு முன்பே ஒப்பந்தம், இன்வாய்ஸ், சாவி வாங்கும் விவரம் எல்லாம் அனுப்பினார். தங்கப்போகிற எல்லோருடைய பாஸ்போர்ட் நகலையும் கேட்டார்.

அந்தக் கேள்வியில் யாருக்கும் சந்தேகம் வராது. ஸ்பெயினில் தங்க வருகிறவர்களின் விவரத்தை விடுதிக்காரர்கள் அரசுக்குப் பதிவு செய்தாக வேண்டும், 2024 டிசம்பரிலிருந்து அந்த விதி இன்னும் கடுமையாகியிருக்கிறது. ஆனால் சட்டம் கேட்பது விவரங்களை. பாஸ்போர்ட்டை முழுசாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இப்போது எங்கள் நகல்கள் யார் கையில் இருக்கின்றன, எதற்குப் பயன்படுகின்றன என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

அக்கவுண்ட்ஸில் இருக்கும் அக்கா மட்டும் ஒன்றைக் கவனித்தார். வீடு ஸ்பெயினில், வங்கிக் கணக்கு எண் எல்.டி. என்று தொடங்குகிறது. ஐபேன் என்கிற சர்வதேச வங்கிக் கணக்கு எண்ணின் முதல் இரண்டு எழுத்து கணக்கு எந்த நாட்டில் இருக்கிறது என்பதைச் சொல்லும். ஸ்பெயின் என்றால் இ.எஸ்., எல்.டி. என்றால் லித்துவேனியா. கேட்டதற்கு, "ஆன்லைன் வங்கி மேடம், ஐரோப்பா முழுக்க ஒரே கணக்கில் வாங்கலாம்" என்று பதில் வந்தது. அதில் பொய்யும் இல்லை. அங்கே நிறையப் பேர் அப்படிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். பாதி உண்மையை வைத்துக்கொண்டு பேசுகிற ஆளிடம் மேற்கொண்டு என்ன கேட்பது? பணத்தை அனுப்பிவிட்டோம்.

அப்புறம் விசா. ஸ்பெயின் விசாவுக்கு விண்ணப்பம் வாங்கும் பி.எல்.எஸ். மையத்தில் கொடுக்கும் கோப்பில் தங்குமிடச் சான்றும் வேண்டும். அந்த ஆள் அனுப்பிய வவுச்சரைத்தான் வைத்தோம், விசாவும் குத்தியே வந்துவிட்டது. அதோடு ஆபீஸில் எல்லோருக்கும் தைரியம் வந்துவிட்டது. விசாவைக் குத்துகிறவர் அந்த வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டா குத்துகிறார்? காகிதம் முறையாக இருந்தால் போதும். இந்த மோசடிக்காரர்கள் தரும் காகிதம் நாம் தயாரிப்பதைவிட முறையாக இருக்கும்.

பார்சிலோனாவில் இறங்கி அந்த முகவரிக்குப் போனோம். வவுச்சரில் ஐந்தாம் மாடி, நான்காம் கதவு என்று இருந்தது. எஷாம்ப்ளாவின் பழைய கட்டடங்களில் மாடிக் கணக்கே வேறு மாதிரி. தரைத்தளத்துக்கு மேல் 'என்ட்ரெசோல்', அதற்கு மேல் 'பிரின்சிபால்', அதற்கும் மேலேதான் ஒன்றாம் மாடி. வாசல் கதவின் பக்கத்தில் பித்தளைத் தகட்டில் அழைப்புமணிப் பொத்தான்கள் வரிசையாக இருந்தன. ஒரு மாடிக்கு இரண்டு பொத்தான். மேலிருந்து கீழாக விரல் வைத்து எண்ணிப் பார்த்தோம், நான்காம் கதவு எந்த மாடியிலும் இல்லை. 'வீட்டுக்காரருக்கு' அனுப்பிய செய்தி வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்கோடு நின்றது. காய்கறி வண்டியை இழுத்துக்கொண்டு வந்த ஒரு பாட்டி எங்கள் பெட்டிகளைப் பார்த்ததும், நாங்கள் வாயைத் திறக்கும் முன்பே தலையை ஆட்டினார். மொழிபெயர்ப்பு ஆப்பை நீட்டினோம். இந்தக் கட்டடத்தில் சுற்றுலா வீடே கிடையாதாம், நேற்றும் சிலர் இப்படிப் பெட்டியோடு நின்றார்களாம்.

அன்று ராத்திரி சான்ட்ஸ் ஸ்டேஷன் பக்கம் கிடைத்த ரூமுக்குக் கொடுத்த காசைச் சொன்னால் வயிறு எரியும். மறுநாள் தெராசாவுக்கு மாறினோம். பிளாசா கத்தலூன்யாவிலிருந்து எஸ்1 ரயிலில் முக்கால் மணி நேரம். இதை முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாம். தெராசா, சபதெல், கடற்கரை ஓரமாகப் போனால் சிட்ஜஸ், எல்லாமே ரயிலில் தினமும் போய்வரக்கூடிய ஊர்கள். காலையில் கொஞ்சம் சீக்கிரம் எழ வேண்டும், அவ்வளவுதான்.

பணம் திரும்ப வரவில்லை. தளத்துக்கு வெளியே கொடுத்த காசுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று தளம் சொல்லிவிட்டது. ஒருமுறை வரவு வைக்கப்பட்ட தொகையை அந்தப் பக்கம் சம்மதிக்காமல் மீட்க முடியாது என்றது நம் வங்கி. ஆனாலும் மோசோஸ் எனப்படும் கத்தலோனியப் போலீஸில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். பழைய நகரத்தில் நோவ் தெ லா ராம்ப்லா தெருவில் அவர்களின் நிலையம் இருக்கிறது. இன்சூரன்ஸுக்கும் கம்பெனி ஆடிட்டருக்கும் அந்தத் தாள் இல்லாமல் எதையும் விளக்க முடியாது.

இனி எடுக்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது வீட்டின் உரிம எண். பார்சிலோனாவில் சட்டப்படியான ஒவ்வொரு சுற்றுலா வீட்டுக்கும் எச்.யு.டி.பி. என்று தொடங்கும் எண் உண்டு. விளம்பரத்திலேயே அது இருக்க வேண்டும். இருந்தால் மட்டும் போதாது, அடுத்தவர் எண்ணைத் திருடிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். மாநகராட்சியின் இணையதளத்தில் சரிபார்க்கும் வசதி இருக்கிறது, அங்கே வரும் முகவரியும் உங்கள் வவுச்சர் முகவரியும் மாடி, கதவு வரை பொருந்துகிறதா பாருங்கள். இந்த எண்ணுக்கு இப்போது மவுசு அதிகம். புதிதாகக் கிடைப்பதில்லை, இருக்கிற 10,101 உரிமங்களையும் 2028 நவம்பருக்குள் முடித்துவிடுவோம் என்று மேயர் ஜவுமே கொல்போனி 2024 ஜூனில் அறிவித்துவிட்டார். வீடு குறையக் குறைய போலி கூடத்தான் செய்யும். தளத்தை விட்டு வெளியே வா என்று யார் கூப்பிட்டாலும், 15 இல்லை 50 சதவீதமே தந்தாலும் போகாதீர்கள்.

சாப்பாட்டு விஷயம் ஒன்று. வாடிக்கையாளரை பார்சலோனெட்டா கடற்கரைப் பக்கம் விருந்துக்கு அழைத்துப் போகிறவர்கள், மெனுவில் விலைக்குப் பதில் 'எஸ்/எம்' என்று இருப்பதைப் பாருங்கள். அன்றைய சந்தை விலை என்று அர்த்தம். பரிமாறுபவர் ஒரு பெரிய மீனைத் தட்டில் கொண்டுவந்து காட்டி, சரியா என்பார். விருந்தாளி எதிரில் விலை கேட்கக் கூச்சமாக இருக்கும், நாமும் தலையாட்டிவிடுவோம். விலை கிலோ கணக்கு என்பது பில் வந்த பிறகுதான் தெரியும். கிலோ எவ்வளவு, இந்த மீன் எத்தனை கிலோ என்று கேட்டுவிட்டே சரி சொல்லுங்கள். அங்கத்திய ஆட்களும் அப்படித்தான் கேட்கிறார்கள். குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும் என்று 2022 முதல் சட்டம். பில்லில் தகராறு என்றால் 'ஓஹா தெ ரெக்லமாசியோன்' கொடுங்கள் என்று கேளுங்கள். அது அரசின் புகார்ப் படிவம், கடையில் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். பேரைச் சொன்னதுமே எங்கள் பில்லிலிருந்து கேட்காத இரண்டு தட்டு காணாமல் போனது.

கார்டு மெஷின் ரூபாயா யூரோவா என்று கேட்டால் யூரோதான். பிக்பாக்கெட் பற்றி ஏற்கெனவே எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்வது ஒன்றே, அரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றிப் பையில் போடுங்கள். வெளியூர்க்காரன், லேப்டாப் வைத்திருக்கிறான் என்பதற்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது.

ஊருக்குத் திரும்பியும் ஓயவில்லை. ஸ்டால் போட்ட கம்பெனிகளுக்கு ஒரு படிவம் வரும், கண்காட்சிக் கையேட்டில் உங்கள் விவரத்தைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டு அனுப்புங்கள் என்று. அடியில் பொடி எழுத்தில் மூன்று வருஷ விளம்பர ஒப்பந்தம் இருக்கும், வருஷத்துக்கு ஆயிரம் யூரோவுக்கு மேல். கண்காட்சி நடத்துபவர்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எங்களுக்கு வந்ததை அக்கவுண்ட்ஸ் அக்கா படித்த கையோடு கிழித்துப் போட்டார்.