1913, நம்ம சென்னை செயலி, பகுதி சபை: சென்னை மாநகராட்சிச் சேவைகள் குறித்து ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

சென்னை மாநகராட்சியிடம் புகார் சொல்ல வழிக்குப் பஞ்சமில்லை. 24 மணி நேரமும் இயங்கும் 1913 இருக்கிறது, நம்ம சென்னை செயலி இருக்கிறது, இணையதளம், வாட்ஸ்அப், வார்டு அலுவலகம், கவுன்சிலர் என்று வரிசை நீளும். 2022 முதல், வார்டின் ஒவ்வொரு பகுதி வாக்காளர்களும் கூடும் பகுதி சபையும் சேர்ந்துகொண்டது. எதில் சொன்னாலும் புகார் எண் கிடைத்துவிடும். ஆனால் வேலை நடப்பது அந்த எண்ணால் அல்ல. புகார் உரிய துறைக்கு, உரிய தலைப்பில், ஊழியர் தேடாமல் வந்து நிற்கக்கூடிய இடக்குறிப்போடு போனால்தான் ஆள் வருகிறார். பல ஆண்டுகளாக இந்தச் சேவைகளைப் பயன்படுத்தியதில் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்.

அதிகம் பேர் தவறுவது கழிவுநீர் விஷயத்தில். மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு. பாதாளச் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் மெட்ரோ வாட்டர், அதாவது சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. அதற்கு 1916 அல்லது 044-4567 4567. தெருவில் கறுப்புத் தண்ணீர் நிற்கிறது என்று பொதுவாகச் சொன்னால் புகார் இரண்டுக்கும் நடுவே அலையும். பார்த்தே பிரிக்கலாம். சாலையின் நடுவிலோ ஓரத்திலோ உள்ள வட்ட மூடியிலிருந்து தண்ணீர் பொங்கினால் அது பாதாளச் சாக்கடை, வாரியத்தைக் கூப்பிட வேண்டும். நடைபாதையை ஒட்டிய செவ்வகக் கான்கிரீட் பலகைகளுக்குக் கீழிருந்து வந்தால் மழைநீர் வடிகால், 1913. மழையே இல்லாத நாளில் வடிகாலில் நாற்றத்தோடு தண்ணீர் ஓடினால், யாரோ வீட்டுக் கழிவை அதில் இணைத்திருக்கிறார்கள் அல்லது சாக்கடைக் குழாய் உடைந்து அதற்குள் கசிகிறது. அப்போது இரண்டு இடத்திலும் பதிவு செய்து, ஒன்றின் புகார் எண்ணை மற்றொன்றில் குறிப்பிடுங்கள். 'மழைநீர் வடிகாலில் கழிவுநீர் இணைப்பு' என்ற சொற்களையே பயன்படுத்துங்கள். வெறுமனே 'அடைப்பு' என்று எழுதினால் வண்டலைத் தூர்வாரிவிட்டுப் போவார்கள், இணைப்பு அப்படியே இருக்கும்.

வீட்டுக் கழிவறையில் தண்ணீர் இறங்கவில்லை என்றால் முதலில் தெருவிலுள்ள ஆள்நுழைவுத் தொட்டியை (மேன்ஹோல்) பாருங்கள். அது நிரம்பி நின்றால் கோளாறு வாரியத்தின் குழாயில். தெருத் தொட்டியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, உங்கள் காம்பவுண்டுக்குள் உள்ள சேம்பர் மட்டும் நிரம்பியிருந்தால் வீட்டு இணைப்பில்தான் அடைப்பு. வாரிய வண்டி வந்து ஜெட் ராடிங், அதாவது அழுத்தத்தோடு நீர் பாய்ச்சி அடைப்பு நீக்கம், செய்த சில நாட்களிலேயே மறுபடி அடைத்தால் மண்ணும் கொழுப்பும் மட்டும் காரணமாக இருக்காது. குழாய் உடைந்திருக்கலாம், இறங்கியிருக்கலாம், மரவேர் புகுந்திருக்கலாம். ஒவ்வொரு முறையும் புதுப் புகாராகப் பதிவு செய்துகொண்டே இருந்தால் ஒவ்வொரு முறையும் வண்டிதான் வரும். பழைய புகார் எண்களை ஒரே தாளில் தேதியோடு எழுதி, மாதந்தோறும் இரண்டாவது சனிக்கிழமை காலை வாரியத்தின் பகுதி அலுவலகங்களில் நடக்கும் குறைதீர்க் கூட்டத்தில் கொடுங்கள். குழாயை மாற்றுவது பற்றிய பேச்சு அங்கேதான் தொடங்கும்.

குடிநீரில் கழிவு கலந்திருந்தால் அதைச் சாதாரணப் புகாராக விடக் கூடாது. இங்கே தண்ணீர் விட்டுவிட்டுத்தான் வருகிறது. குழாயில் அழுத்தம் இல்லாத நேரத்தில் விரிசல் வழியாக வெளியிலுள்ள அழுக்கு நீர் உள்ளே போகிறது. தண்ணீர் திறந்ததும் முதல் சில நிமிடங்களில் அதுதான் வருகிறது. ஊழியர் பிற்பகலில் வந்து குழாயைத் திறந்தால் தெளிந்த நீர்தான் வரும், அல்லது எதுவுமே வராது. அதனால் முதல் நீரை நிறமற்ற பாட்டிலில் பிடித்து வையுங்கள், தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்லுங்கள், அக்கம்பக்கத்தில் எந்தெந்தக் கதவு எண்களில் இதே நிலை என்று கேட்டுச் சேர்த்துக் கொடுங்கள். கலக்கும் இடம் எந்த இரண்டு வீடுகளுக்கு நடுவே என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு அதுதான் உதவும். அதுவரை அந்த நீரைச் சமையலுக்கும் எடுக்க வேண்டாம்.

செயலியைப் பொறுத்தவரை அதன் பலம் படம், பலவீனம் இடக்குறி. அடுக்குமாடிகள் நெருங்கிய தெருக்களில் ஜிபிஎஸ் புள்ளி அடுத்த தெருவில் போய் உட்காரும். பல இடங்களில் வார்டு எல்லை சாலையின் நடுவிலேயே ஓடுகிறது. புள்ளி பத்தடி தள்ளினாலும் புகார் பக்கத்து வார்டு உதவிப் பொறியாளரிடம் போய்விடும். அவர் தன் பகுதி இல்லை என்று திருப்புவதற்குள் நாள் கடந்துவிடும். எனவே புள்ளியைக் கையால் நகர்த்திச் சரிசெய்யுங்கள், விவரத்தில் எதிர்வீட்டுக் கதவு எண்ணையும் எழுதுங்கள். படம் இரண்டு வேண்டும்: கடைப் பலகையோ கதவு எண்ணோ தெரியும்படி தூரத்திலிருந்து ஒன்று, பிரச்சினையைக் காட்டக் கிட்டத்திலிருந்து ஒன்று. ஒரு புகாரில் ஒரே வேலையைச் சொல்லுங்கள். குப்பைத் தொட்டி நிரம்பியதையும் நடைபாதை உடைந்ததையும் சேர்த்து எழுதினால், குப்பையை அள்ளியதும் புகார் முடிந்ததாகிவிடும்.

மரம் விழுந்தது, மின்கம்பி தொங்குகிறது, சுரங்கப்பாதையில் தண்ணீர் ஏறுகிறது போன்றவற்றுக்குச் செயலியைத் திறக்கவே வேண்டாம். தொலைபேசிதான். மின்கம்பி என்றால் மின்வாரியத்தின் மின்னகம், 94987 94987.

தெருவிளக்கு மாநகராட்சியுடையது, அதற்குக் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணே போதும். ஒரு விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் விளக்கிலோ அதன் இணைப்பிலோ கோளாறு. வரிசையாக எல்லாம் அணைந்திருந்தால் சுவிட்ச் பெட்டி அல்லது நிலத்தடிக் கேபிள். அதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் பல்பு மாற்றுபவரை அனுப்புவார்கள், அவரால் எதுவும் செய்ய முடியாது. சாலைக் குழியில் முதலில் பார்க்க வேண்டியது சாலை யாருடையது என்பது. உட்புறச் சாலை மாநகராட்சியின் மண்டல அலுவலகத்தின் பொறுப்பு, பேருந்து போகும் சாலைகளுக்கு மாநகராட்சியிலேயே தனிப் பிரிவு. ஜி.எஸ்.டி. சாலை போன்றவை மாநகராட்சியின் கையில் இல்லை, நெடுஞ்சாலைத் துறையின் கீழ் வருகின்றன.

தெருநாய்ப் புகாரில் 'பிடித்துக்கொண்டு போங்கள்' என்று கேட்டால் பயன் குறைவு. 2023-ஆம் ஆண்டு விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாயைக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். கருத்தடை ஆன நாய்க்குக் காது நுனியில் வெட்டு இருக்கும். வெட்டு இல்லாத நாய்கள் எத்தனை, காலையில் எந்த நேரத்தில் எங்கே படுத்திருக்கும் என்று சொல்லுங்கள். கடித்திருந்தாலோ வெறிநோய் அறிகுறி தெரிந்தாலோ அதை முதலில் சொல்லுங்கள்.

கொசுவுக்கு எல்லோரும் புகைதான் கேட்கிறார்கள். புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும், தேங்கிய நீரிலுள்ள புழுவை ஒன்றும் செய்யாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். பூட்டிய வீட்டின் மொட்டைமாடித் தொட்டி, கட்டுமான இடத்தின் லிப்ட் குழி, மூடியில்லாத கிணறு என்று தேங்கிய இடத்தைக் காட்டிக் கொசுப்புழு ஒழிப்பு மருந்து கேளுங்கள். இந்தப் புகாருக்கு வரும் ஊழியர்கள் பெரும்பாலும் அக்கறையோடு பார்க்கிறார்கள். அவர்களை வீட்டுக்குள் விடாமல் வாசலிலேயே திருப்பி அனுப்புவதுதான் வேலையைக் கெடுக்கிறது.

'புகார் முடிக்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்ததும் போய்ப் பாருங்கள். வேலை நடக்கவில்லை என்றால் அன்றே அதே இடத்தைப் படமெடுத்து, 1913-ஐ அழைத்துப் பழைய எண்ணைச் சொல்லி மீண்டும் திறக்கச் சொல்லுங்கள். புதிதாகப் பதிவு செய்வதானாலும் முதல் வரியில் பழைய எண் இருக்கட்டும். அதற்கும் அசையவில்லை என்றால் வார்டு உதவிப் பொறியாளர், பிறகு செயற்பொறியாளர், பிறகு மண்டல அலுவலர் என்று ஏறுங்கள். நேரே மேயர் அலுவலகத்துக்கு எழுதினாலும் கடிதம் சுற்றிக்கொண்டு அதே உதவிப் பொறியாளரிடம்தான் இறங்கும்.

பணம் கட்டும் சேவைகளில் சொத்துவரி இணையத்தில் நன்றாகவே இயங்குகிறது. மண்டல எண், வார்டு எண், பில் எண், துணை எண் நான்கையும் பழைய ரசீதில் உள்ளபடியே போட வேண்டும். வார்டு எல்லை மாறியது நினைவிருக்கிறதே என்று புது எண்ணைப் போட்டால் விவரம் வராது. அரையாண்டு ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்குகிறது. முதல் 30 நாட்களுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை. தாமதித்தால் மாதம் 1 சதவீதத் தனிவட்டி. கடைசி நாளன்று கட்டும்போது வங்கியில் பணம் கழிந்து ரசீது வராமல் போனால் உடனே இரண்டாம் முறை கட்டிவிடாதீர்கள். பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு, கணக்கு ஒத்துப்போக ஓரிரு வேலை நாள் பொறுங்கள். குடிநீர், கழிவுநீர் வரி தனி, அது வாரியத்துக்கு.

பிறப்பு, இறப்பைப் பதிய 21 நாட்கள். மருத்துவமனையில் நடந்தால் அவர்களே பதிவார்கள், நாம் பார்க்க வேண்டியது எழுத்துப்பிழையை. குழந்தையின் பெயரை ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம்.

இனி பகுதி சபை. வார்டு குழுவும் பகுதி சபையும் 2010-லேயே சட்டத்தில் இடம்பெற்றன, விதிகள் வந்தது 2022-ல்தான். அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று உள்ளாட்சி தினத்தில் மாநிலமெங்கும் முதல் கூட்டங்கள் நடந்தன, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்ட பம்மலில் கலந்துகொண்டார். சென்னையில் 200 வார்டுகள், ஒவ்வொன்றும் 10 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பகுதியின் வாக்காளர் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் சபையின் உறுப்பினர், அழைப்பு தேவையில்லை. இதை அறியாதவர்கள் கட்சிக்காரர்கள் கூட்டம் என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். பெரிய இழப்பு அது.

குப்பை, விளக்கு போன்ற அன்றாடப் புகார்களை இங்கே கொண்டுவந்தால் நேரம் அதிலேயே கரைந்துவிடும். செயலியால் ஆகாத வேலைகளுக்குத்தான் சபை: விடுபட்ட ஐம்பது மீட்டர் வடிகால், இருட்டு முனைக்குப் புதுக் கம்பம், அங்கன்வாடிக் கட்டடம், பூங்காவுக்குக் கழிப்பறை. இவற்றுக்குப் பணம் ஒதுக்க வேண்டும். கவுன்சிலரின் வார்டு மேம்பாட்டு நிதி 2025-26 பட்ஜெட்டில் 50 லட்சத்திலிருந்து 60 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. மாநகராட்சி பட்ஜெட் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் வருவதால் ஜனவரிக்குள் கோரிக்கை போய்ச் சேர வேண்டும். வாயால் சொன்னால் போதாது. இடம், நீளம், முந்தைய புகார் எண்கள், பயன்பெறும் வீடுகள் எத்தனை என்று ஒரு பக்கத்தில் எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றதற்கான கையெழுத்து வாங்குங்கள். தீர்மானப் பதிவேட்டில் அது ஏறியதா என்று கூட்டம் கலைவதற்கு முன்பே கேளுங்கள்.

பிறகு ஓசை இல்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். 'ஏன் செய்யவில்லை' என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் சொல்லும் கடமை அவர்களுக்கு இல்லை. குறிப்பிட்ட தேதியில் நடந்த சபையின் தீர்மான நகல், அந்த வேலைக்கான மதிப்பீட்டு நகல், பணி ஆணையின் எண், தேதி என்று ஆவணமாகக் கேளுங்கள். மதிப்பீடே போடப்படவில்லை என்று பதில் வந்தால், அடுத்த சபைக்குக் கொண்டுபோக வேண்டிய தாள் அதுதான்.