பென்டிரைவ்ல ஓஎஸ் தூக்கிட்டு அலையுறவங்களுக்கு: விண்டோஸா லினக்ஸா, லைசென்ஸ் எதுல இடிக்குது?

கடலூர் மஞ்சக்குப்பத்துல ரெண்டு கடை, முதுநகர்ல ஒரு ஐஸ் பேக்டரி, பாண்டில ஒரு ஜவுளிக்கடைன்னு பார்ட்டைமா கணக்கு எழுதுறேன். பாண்டி பஸ் கூட்டத்துல லேப்டாப்பை மடியில வச்சிக்கிட்டு போறது போதும்டா சாமின்னு ஆகி, பென்டிரைவ் மாதிரி சொருகுற யூஎஸ்பி எஸ்எஸ்டில ஓஎஸ்ஸை (விண்டோஸ், லினக்ஸ் மாதிரி கம்ப்யூட்டரை ஓட்டுற அடிப்படை சாப்ட்வேர்) ஏத்திக்கிட்டு எந்த சிஸ்டம்ல சொருகுனாலும் நம்ம டெஸ்க்டாப்பே வர்ற மாதிரி பண்ணிக்கலாம்னு இறங்குனேன்.

முதல்ல விண்டோஸ். பூட் ஆகுற டிரைவ் தயார் பண்ற ரூஃபஸ்ங்கிற டூல்ல, விண்டோஸை டிரைவ்ல இருந்தே ஓட்டுறதுக்கு விண்டோஸ் டூ கோன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதுல சுலபமா ஏறிடும், ஏறுறதுல பிரச்சனையே இல்ல, லைசென்ஸ்லதான் இருக்கு. லேப்டாப்போட வந்த ஓஇஎம் (தயாரிப்பாளரே போட்டுக் குடுக்குற) லைசென்ஸ் அந்த லேப்டாப்போடயே சரி. தனியா வாங்குற ரீடெயில் லைசென்ஸை வேற மெஷினுக்கு மாத்தலாம், ஆனா ஒரு நேரத்துல ஒரு மெஷின்தான், காலையில இங்க மதியம் அங்கன்னு தாவுறதுக்கு அது இல்ல. ஜவுளிக்கடை சிஸ்டத்துல சொருகுனப்போ தானாவே ஆக்டிவேட் ஆயிடுச்சு, ஆகா வேலை முடிஞ்சதுன்னு நினைச்சா, ஐஸ் பேக்டரில மூலையில ஆக்டிவேட் பண்ணுன்னு எழுத்து நிக்குது. ஏன்னா டிஜிட்டல் லைசென்ஸ் ஒட்டியிருக்கிறது அந்த மெஷினோட ஹார்டுவேர்ல, நம்ம டிரைவ்ல இல்ல. ஜவுளிக்கடைல ஆனதும் அவங்க லைசென்ஸ்ல ஓசி சவாரிதான், ஆக்டிவேட் ஆகுறது வேற, நமக்கு உரிமை இருக்குறது வேற.

இதுக்குன்னே மைக்ரோசாப்ட் 2012ல விண்டோஸ் 8 என்டர்பிரைஸ்ல விண்டோஸ் டூ கோவை விட்டாங்க. அது வால்யூம் லைசென்ஸ் (பல மெஷினுக்கு மொத்தமா வாங்குறது), சாப்ட்வேர் அஷ்யூரன்ஸ் (அதுக்கு மேல போடுற ஒப்பந்தம்)னு கம்பெனிங்க சமாச்சாரம், ஆக்டிவேஷனுக்குன்னு கம்பெனி வச்சிருக்குற கேஎம்எஸ் சர்வர்ல 180 நாளைக்குள்ள புதுப்பிக்கணும், நம்ம மாதிரி ஆளுக்கு எட்டாது. 2020ல வந்த விண்டோஸ் 10 2004 பதிப்போட அதையும் தூக்கிட்டாங்க. நெட்ல சில நூறு ரூபாய்க்கு விண்டோஸ் ஆக்டிவேஷன் கீ விக்கிறானே அதை வாங்குனா என்னன்னு கேக்காதீங்க, அதுல பாதிக்கு மேல எங்கேயோ ஒரு கம்பெனியோட வால்யூம் கீயாதான் இருக்கும்னு என் சந்தேகம்.

லினக்ஸ் பக்கம் இந்த தலைவலியே கிடையாது. லினக்ஸோட திறந்த லைசென்ஸான ஜிபிஎல்ல எத்தனை மெஷின்ல ஓட்டுற, எத்தனை காப்பி எடுக்குறன்னு கணக்கே இல்ல, காப்பி போட்டு காசுக்கு வித்தாலும் அது தடுக்காது. லினக்ஸ்லயே பல வகை இருக்கு: பப்பி லினக்ஸ் மொத்தமா ரேம்ல ஏறிடும், பழைய டப்பாவுக்கு நல்லது. டெயில்ஸ் ஆஃப் பண்ணுனா எல்லாத்தையும் மறந்துடும், கணக்கு எழுதுறவனுக்கு அது எதுக்கு. நான் டெபியன் 12ங்கிற லினக்ஸை எஸ்எஸ்டில முழுசா இன்ஸ்டால் பண்ணி என்கிரிப்ட் (பாஸ்வேர்டு இல்லாம யாரும் படிக்க முடியாதபடி) பண்ணிட்டேன், அந்த பதிப்புல இருந்து வைஃபை வேலை செய்ய வேண்டிய ஃபர்ம்வேர் எல்லாம் இன்ஸ்டாலர்லயே வந்துடுது, தமிழ்99 கீபோர்டும் இருக்கு.

ஆனா கணக்கு எழுதுற சாப்ட்வேர் டேலி? அது விண்டோஸ்லதான். அதோட ஒத்தை ஆள் லைசென்ஸும் ஒரு கம்ப்யூட்டர்லதான் கட்டி கிடக்கும், மாத்தணும்னா இங்க சரண்டர் பண்ணிட்டுதான் அங்க ஆக்டிவேட் பண்ணணும். ஆக விண்டோஸ் டிரைவை தூக்கிட்டு போனாலும் டேலி ஊர் ஊரா கூட வராது, இதை நான் முதல்லயே யோசிச்சிருந்தா ஒரு வாரம் மிஞ்சியிருக்கும்.

இப்ப வீட்ல ஒரு டெஸ்க்டாப்ல சுத்தமான விண்டோஸ் ப்ரோ, அதுலயே டேலி. வெளியில டெபியன் டிரைவை சொருகி விபிஎன் (இன்டர்நெட்ல பாதுகாப்பான தனி வழி) வழியா வீட்டு மெஷினுக்கு ரிமோட் டெஸ்க்டாப், அதாவது அந்த ஸ்கிரீனை இங்க இருந்தே ஓட்டுறது. விண்டோஸ் ஹோம் வாங்கிடாதீங்க, அதுக்குள்ள ரிமோட்ல நுழைய முடியாது, ப்ரோதான் வேணும். இன்னொன்னு, அடுத்தவங்க சிஸ்டத்துல பூட் ஆகலன்னு செக்யூர் பூட்டை (நம்பிக்கையான ஓஎஸ்ஸை மட்டும் ஏத்த விடுற பாதுகாப்பு) அணைச்சிடாதீங்க, அவங்க டிரைவ்ல பிட்லாக்கர் (விண்டோஸோட என்கிரிப்ஷன் பூட்டு) இருந்தா ரெக்கவரி கீ கேக்கும். ஐஸ் பேக்டரி அண்ணன் அந்த கீயை தேடுனதுல ஒரு மதியமே போச்சு, அன்னைக்கு டீ கூட வரல.

ஐப்பசி கார்த்திகைல மழையில வீட்ல கரண்ட் போனா ரிமோட் கிடையாது, அப்ப டெபியன்ல இருக்குற இலவச ஆபீஸ் சாப்ட்வேரான லிப்ரே ஆபீஸ்லயே பதிஞ்சி வச்சிட்டு ராத்திரி வந்து டேலில ஏத்திக்கிறேன்.