ஓபஸ்: வேறு படமே இல்லாத உலகங்களின் ஆல்பம்

பழைய படங்களைச் சீரமைப்பது என் தொழில். இருபது வருடமாக ஸ்டூடியோவில் ரீடச்சிங் செய்கிறேன். பூஞ்சை பிடித்த கல்யாண ஆல்பம், ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட தாத்தா, ரேஷன் கார்டில் மட்டும் இருக்கும் அம்மாவின் முகம். ‘வேற படமே இல்ல சார்’ என்று யாராவது சொன்னால் என் கை தானாகவே மெதுவாகிவிடும்.

நெப்டியூனின் துணைக்கோள் ட்ரைட்டனுக்கும் வேறு படமே இல்லை. 1989 ஆகஸ்ட் 25 அன்று நாசாவின் வாயேஜர் 2 விண்கலம் சுமார் 40,000 கிலோமீட்டர் தூரத்தில் அதைக் கடந்துபோனது. அதன் பிறகு எந்தக் கலமும் அங்கே போகவில்லை. அந்தச் சில நாட்களில் எடுத்ததுதான் அருகிலிருந்து எடுத்த மொத்தப் படமும். ராத்திரி கடை அடைத்த பிறகு நான் உட்கார்ந்து துடைப்பது இந்தப் படங்களைத்தான். எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று சிலர் கேட்டார்கள். ஓபஸ் (OPUS) என்ற இணையத் தேடுதளத்திலிருந்து.

கலிபோர்னியா மவுண்டன் வியூவில் இருக்கும் செட்டி (SETI) என்ற விண்வெளி ஆய்வு நிறுவனத்திலிருந்து இது நடக்கிறது. நாசாவின் கோள் தரவுக் காப்பகத்தில் வளையங்களையும் துணைக்கோள்களையும் கவனிக்கும் பிரிவுடையது. வாயேஜர், கலிலியோ, காசினி, நியூ ஹொரைசன்ஸ் கலங்களும் ஹப்பிள் தொலைநோக்கியும் எடுத்த படங்கள் எல்லாம் உண்டு. பழைய மரைனர் விண்கலங்களின் செவ்வாய்ப் படங்களைத் தேடுபவர்களுக்கு இது இடமில்லை. பணம் கிடையாது, கணக்கு தொடங்கவும் வேண்டாம். எந்தக் கோள், எந்தக் கேமரா, எந்தத் தேதி, எந்த ஃபில்டர் என்று குறுக்கிக்கொண்டே போகலாம். எத்தனை படம் தேறுகிறது என்ற எண் கூடவே மாறிக்கொண்டு வரும். வேண்டியதைக் கூடையில் போட்டு ஜிப் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம்.

இதெல்லாம் வசதி. நான் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் வேறு. வாயேஜரின் ஒவ்வொரு படத்தையும் இங்கே நான்கு நிலைகளில் தருகிறார்கள்.

முதலாவது, கலம் அனுப்பியபடியே இருக்கும் மூலப்படம். 800க்கு 800 பிக்சல். அதில் வரிசை வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள் இருக்கும், மொத்தம் 202. முதலில் பார்ப்பவர்கள் அழுக்கு என்று நினைப்பார்கள். வாயேஜரின் கேமரா பழைய டிவி கேமரா மாதிரி விடிகான் குழாயில் வேலை செய்தது. குழாயின் முகப்பில் விழுந்த பிம்பத்தை எலக்ட்ரான் கற்றை ஒன்று வரிவரியாகப் படிக்கும். அந்தக் கற்றை வளைந்தால் படமும் வளையும். எவ்வளவு வளைந்தது என்று அளப்பதற்காகவே குழாயின் முகப்பில் அளவெடுத்துப் பதித்த புள்ளிகள் அவை. இரண்டாவது நிலையில் அந்தப் புள்ளிகளை அழித்திருப்பார்கள். மூன்றாவதில் வெளிச்சமே இல்லாதபோதும் குழாய் பதிவுசெய்யும் போலி ஒளியைக் கழித்து, ஒளி அளவைச் சரிசெய்திருப்பார்கள். நான்காவதில் வளைவை நிமிர்த்தியிருப்பார்கள், படமும் 1000க்கு 1000 ஆகியிருக்கும்.

என் தொழிலில் இருப்பவர்களுக்கு இதன் அருமை புரியும். வாடிக்கையாளர் கொண்டுவரும் படத்தில் ஏற்கெனவே யாரோ கை வைத்திருப்பார்கள். எது அசல் கண், எது பிரஷ்ஷால் வரைந்த கண் என்று தெரியாது. இங்கே ஒவ்வொரு கைவேலையும் தனித்தனிக் கோப்பாக நிற்கிறது. புள்ளி அழிக்கப்பட்ட இடத்தில் இருப்பது பக்கத்துப் பிக்சல்களை வைத்து நிரப்பியது. அதனால் ட்ரைட்டனின் தரையில் ஒரு சிறு கறை சந்தேகமாகத் தெரிந்தால், மூலப்படத்தை இன்னொரு லேயரில் போட்டுப் பார்த்துவிடுவேன். அங்கே புள்ளி இருந்தால் அந்தக் கறையை நம்ப மாட்டேன்.

சிரமம் கோப்பைத் திறப்பதில்தான். நாசாவின் ஆய்வுக்கூடமான ஜேபிஎல் 1960களில் தொடங்கிய பட மென்பொருளின் வடிவத்தில் கோப்புகள் இருக்கின்றன. சாதாரணப் படச் செயலிகள் திறக்காது. கூடவே வரும் லேபிள் கோப்பில் அகலம், உயரம், எத்தனை பிட் என்று எல்லாம் எழுதியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு என் அக்கா மகள், “மாமா, இது படம் இல்ல, வெறும் எண்ணு” என்றாள். பைத்தான் நிரல்மொழியில் சில வரிகள் எழுதி 16 பிட் டிஃப் (TIFF) படக் கோப்பாக மாற்றிக் கொடுத்தாள். பைத்தான் தெரிந்தவர் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். முன்னோட்டமாகக் காட்டும் ஜேபெக்கை வைத்து மட்டும் வேலை செய்யாதீர்கள், நிழலில் ஒன்றும் மிஞ்சாது.

நிழலை அலட்சியம் செய்யக் கூடாது. 1979 மார்ச் 8 அன்று வாயேஜர் 1 வியாழனைத் தாண்டிய பிறகு திரும்பி எடுத்த, அதன் துணைக்கோள் ஐயோவின் (Io) படத்தை, பின்னணி நட்சத்திரங்களைத் தேடி ஜேபிஎல் பொறியாளர் லிண்டா மொராபிட்டோ பிரகாசமாக்கிப் பார்த்தார். விளிம்பில் குடை போல ஒரு மேகம் எழுந்து நின்றது. எரிமலை. பூமிக்கு வெளியே எரிமலை பொங்குவதை மனிதர்கள் கண்டது அப்போதுதான்.

அப்புறம் நிறம். வாயேஜர் கேமராவில் சிவப்பு ஃபில்டர் கிடையாது. ஆரஞ்சு, பச்சை, நீலம் என்று அடுத்தடுத்து எடுத்த மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களைச் சேர்த்தால்தான் கண்ணுக்கு நெருக்கமான நிறம் வரும். இடையில் கலம் நகர்ந்திருக்கும், அதனால் மூன்றையும் பொருத்துவதற்கே பொறுமை வேண்டும். நிறத்தைக் கூட்டிக் காட்டும் ஆசையும் வரும். கல்யாணப் பெண்ணின் முகத்தை வெளுப்பாக்கித் தரச் சொல்லி எத்தனை பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்! நெப்டியூனுக்கும் அதுதான் நடந்தது. அழுத்தம் கூட்டிய படங்களைப் பார்த்துப் பார்த்து அதைக் கரு நீலம் என்றே மனதில் வைத்துக்கொண்டோம். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகக் கோள் விஞ்ஞானி பேட்ரிக் இர்வினும் குழுவினரும் 2024இல் கணக்கிட்டுச் சொன்னபடி, அதுவும் யுரேனஸ் போலவே வெளிறிய பச்சை கலந்த நீலம்தான்.

ட்ரைட்டனில் எனக்கு வழிகாட்டி, கோள் விஞ்ஞானி பால் ஷெங்க் 2014இல் வெளியிட்ட வரைபடம். பிக்சலுக்கு 600 மீட்டர். 1989இல் வடபாதியின் பெரும்பகுதி இருட்டில் இருந்தது. அந்த இடத்தை அவர் கறுப்பாகவே விட்டிருக்கிறார். இன்றைக்கு எந்த ஏஐ செயலியிடம் கொடுத்தாலும் அந்த இருட்டில் மலையும் பள்ளமும் வரைந்து தந்துவிடும். அதை நான் எந்தக் காலத்திலும் செய்ய மாட்டேன்.

போன மாதம் ஒரு படத்தைப் பெரிய பிரிண்ட் போடக் கொடுத்தேன். பிரிண்ட் கடையில் தானியங்கித் திருத்தத்தை நிறுத்தாமல் விட்டதால் வானம் சாம்பல் நிறத்தில் வந்தது. பிரிண்ட் போடக் கொடுப்பவர்கள் அதை முதலிலேயே சொல்லி நிறுத்தச் செய்யுங்கள். இரண்டாவது பிரிண்ட் இப்போது என் மேசைக்கு மேலே தொங்குகிறது, பாதி ட்ரைட்டன், பாதி கறுப்பு.

அடுத்து யுரேனஸின் துணைக்கோள் மிராண்டா. வாயேஜர் 2 அதைக் கடந்த 1986 ஜனவரி 24 படங்களைத் தேடி இறக்கி வைத்திருக்கிறேன். தை மாதக் கல்யாண ஆல்பங்கள் முடிந்ததும் தொடங்க வேண்டும்.