மெனுவில் பைத்தான் 3.12, உள்ளே 3.7: கோடிங் தளத்துக்குச் சந்தா கட்டும் முன் பாருங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாராகும் பிள்ளைகளும் அவர்களுக்குப் பணம் கட்டும் பெற்றோரும் இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

தர்மபுரியில் மாலை நேரத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் புரோகிராமிங் சொல்லித் தருகிறேன். பாலக்கோடு, பென்னாகரம், காரிமங்கலத்திலிருந்து வருகிறவர்கள்தான் அதிகம். பயிற்சிக்காக ஓர் ஆன்லைன் கோடிங் தளத்தில் ஆளுக்கு 2,400 ரூபாய் வருடச் சந்தா கட்டினோம். விற்க வந்தவர், "எல்லா லாங்குவேஜும் லேட்டஸ்ட் வெர்ஷன் சார், கம்பெனி டெஸ்ட்ல வர்ற மாதிரியே இருக்கும்" என்றார். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நோட்டீஸிலும் அதே வாசகம்.

ஒரு மாணவி பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியில், பல வாய்ப்புகளில் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்கும் மேட்ச்-கேஸ் வைத்து எழுதிய புரோகிராம் சின்டாக்ஸ் எரர் (எழுதிய முறை தவறு) என்று விழுந்தது. "அண்ணா, என் லேப்டாப்ல ஓடுது, இதுல மட்டும் ஓடல" என்றாள். இன்னொரு பையனுக்கு மீச்சிறு பொது மடங்கு கணக்கிடும் மேத் டாட் எல்சிஎம் இல்லவே இல்லை என்று எரர். மேட்ச் வந்தது பைத்தான் 3.10இல், 2021 அக்டோபரில். எல்சிஎம் அதற்கு முந்தைய 3.9இலேயே இருக்கிறது. சந்தேகப்பட்டு, எந்த வெர்ஷன் ஓடுகிறது என்று காட்டும் இரண்டு வரியை ஓட்டச் சொன்னேன்: முதல் வரியில் சிஸ் மாட்யூலை இம்போர்ட் செய்வது (import sys), அடுத்த வரியில் சிஸ் டாட் வெர்ஷனைப் பிரின்ட் செய்வது (print(sys.version)). 3.7 என்று வந்தது. 2018இல் வெளியான அதற்கு, பாதுகாப்புத் திருத்தங்கள்கூட 2023 ஜூனோடு நின்றுவிட்டன. ஜாவா என்ற இன்னொரு மொழிப் பக்கம் போனால் 2014இன் ஜாவா 8. அதில் வகையைச் சொல்லாமல் வார் (var) என்று மாறியை அறிவிக்கவும் முடியாது, எழுத்துத் தொடரைத் திரும்பத் திரும்பச் சேர்க்கும் ரிபீட்டும் கிடையாது.

தளம் வெர்ஷனை எங்குமே காட்டவில்லை, வெறும் "பைத்தான் 3" என்று மட்டும் போட்டிருந்தது. அதனால் எரர் வந்தபோதெல்லாம் பிள்ளைகள் தங்கள் கோடில்தான் தப்பு என்று நினைத்து மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். பணம் போனதைவிட எனக்கு ஆத்திரம் வந்தது இதில்தான்.

சப்போர்ட்டில் கோரிக்கை வைத்தேன்: எந்த வெர்ஷன் வேண்டும், எந்த வசதி ஓடவில்லை, மாதிரி கோடு, எரர் செய்தி எல்லாம் சேர்த்து. "டீமுக்கு அனுப்பிவிட்டோம்" என்று பதில் வந்தது. அப்புறம் டிக்கெட் "தீர்க்கப்பட்டது" என்று மூடப்பட்டிருந்தது. தளத்தைத் திறந்தால் மெனுவில் "பைத்தான் 3.12"! சரி, வேலை நடந்திருக்கிறது என்று அதே இரண்டு வரியை ஓட்டினால், மறுபடியும் 3.7. பெயர்ப்பலகையை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். கேட்டதற்கு, புது வெர்ஷன் "பிரீமியம்" திட்டத்தில்தான் வருமாம், கூடுதல் பணம் கட்ட வேண்டுமாம். சந்தாவைத் திருப்பித் தர விதியில் இடமில்லையாம்.

பழைய வெர்ஷன் வைத்திருப்பதே குற்றம் என்று சொல்லமாட்டேன். ஒரு மொழியை மாற்றினால் பழைய கணக்குகளின் விடைகளையும் நேர வரம்புகளையும் சரிபார்க்க வேண்டும், அதற்கு நாளாகும். அட்கோடர் என்ற கோடிங் போட்டித் தளமே 2023இல்தான் பைத்தானை 3.8இலிருந்து 3.11க்கு மாற்றியது. ஆனால் எந்த வெர்ஷன் ஓடுகிறது என்பதை அது வெளிப்படையாகப் போட்டிருக்கும். கோட்ஃபோர்சஸ் என்ற இன்னொரு போட்டித் தளத்தில் ஒரே மொழிக்குப் பல வெர்ஷன்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டுமே இலவசம், என் பிள்ளைகள் இப்போது அங்கேதான் பயிற்சி செய்கிறார்கள்.

ஏற்கெனவே பணம் கட்டி மாட்டியிருந்தால், மெனுவில் காட்டும் வெர்ஷனும் ஓட்டினால் வரும் வெர்ஷனும் ஒரே திரையில் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நோட்டீஸ், ரசீது, மூடிய டிக்கெட் எதையும் அழிக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை.

1915இல் புகார் கொடுத்திருக்கிறோம், பணம் இன்னும் வரவில்லை. அதே நோட்டீஸை இப்போது கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கமும் கொடுக்கிறார்கள் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். உங்களிடம் வந்தால், பணம் பேசுவதற்கு முன் அந்த இரண்டு வரியை விற்க வந்தவரையே உங்கள் கண் முன்னால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.