டயட்டீஷியனுக்குக் காசு கொடுக்கலாம், பவுடருக்கு வேண்டாம்

வேலூரில் குழந்தைப் பேறுக்கான சிகிச்சைக்குப் போனால் எடை குறைப்பு பேக்கேஜ் ஒன்றையும் சேர்த்துத் தலையில் கட்டிவிடுகிறார்கள். காட்பாடி பக்கம் ஒரு சென்டரில் நானும் அப்படித்தான் சேர்ந்தேன். பெயர் வேண்டாம், இந்த ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். எனக்கு பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி), வயது 35, பிஎம்ஐ, அதாவது உயரத்தை வைத்துப் பார்க்கும் எடைக் கணக்கு, 31. நம் நாட்டுக் கணக்கில் 23க்கு மேலே போனாலே அதிக எடை, 25 என்றால் உடல் பருமன்.

டயட்டீஷியன் அம்மா தங்கமானவர். ஓட்ஸ், கினோவா என்று எழுதி நீட்டாமல், வீட்டில் என்ன சமைக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அதையே மாற்றித் தந்தார். இட்லி மூன்றோடு நிறுத்தி சாம்பாரில் காயைக் கூட்டணும், மதியம் சோறு ஒரு கப், பக்கத்தில் கீரையோ முள்ளு கத்திரிக்காயோ தாராளமாக, ராத்திரி கேழ்வரகு அடை. ஆம்பூர் பிரியாணி பற்றிப் பயந்துகொண்டே கேட்டேன். "சாப்பிடும்மா, கறியை எடுத்துக்கோ, சோத்தைக் குறைச்சுக்கோ" என்றார். ஆற்காடு மக்கன் பேடாவுக்கு மட்டும் இரக்கமே காட்டவில்லை. நடப்பதற்கு ஜிம் பணம் கட்டச் சொல்லவில்லை, கோட்டையைச் சுற்றி நடந்தாலே போதும் என்றார், ஆனால் விடிவதற்குள் போய்விடணும், நம் ஊர் வெயில் தெரிந்ததுதானே.

இன்னொன்று, என் வீட்டுக்காரரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். விந்தணு முழுதாக உருவாக இரண்டரை மாதம் வரை ஆகும், இன்றைக்கு சிகரெட்டை விட்டால் பலன் தெரிய அவ்வளவு காலம் பிடிக்கும் என்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னார். எல்லாவற்றையும் பெண் தலையிலேயே போடும் இடங்கள்தான் அதிகம், அதனால் இதற்குத் தனியாக மார்க் போடணும்.

பலன்? எடையில் ஐந்து சதவீதம் இறங்கியபோதே தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்த பீரியட்ஸ் ஒழுங்குக்கு வந்துவிட்டது. பிசிஓடி உள்ளவர்களுக்கு இந்த அளவு குறைந்தாலே கருமுட்டை வெளியாவது சீராக வாய்ப்பு உண்டு.

இனி எரிச்சல். ரிசப்ஷனில் ஒரு புரோட்டீன் பவுடர் டப்பா, அதை வாங்காமல் வெளியே வரமுடியாது என்கிற மாதிரி பேசுகிறார்கள். டயட்டீஷியன் எழுதிய தாளில் அது இல்லவே இல்லை. சரி, அதையாவது வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பிஎம்ஐ 25க்கு வந்தால்தான் ஐவிஎஃப் (சோதனைக் குழாய் முறை) ஆரம்பிப்போம் என்று சொன்னதுதான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியாதது. என் உயரத்துக்கு அது 14 கிலோ! பாதியில் எடை நின்றுவிட்டது, வயது நிற்குமா?

தேடிப் படித்தேன். நெதர்லாந்தில் 577 பெண்களை வைத்து ஆய்வு செய்து 2016ல் வெளியிட்டிருக்கிறார்கள். ஆறு மாதம் எடை குறைப்புக்கு ஒதுக்கிவிட்டு சிகிச்சைக்குப் போனவர்களில் நிறைமாதத்தில், சுகப்பிரசவத்தில், ஆரோக்கியமான ஒற்றைக் குழந்தை பிறந்தது 27.1 சதவீதம் பேருக்கு. உடனே சிகிச்சைக்குப் போனவர்களில் 35.2. அடுத்த வருடம் சுவீடன் ஆட்கள் முன்னின்று நடத்திய ஆய்வில் பெண்கள் சராசரியாக ஒன்பது கிலோவுக்கு மேலேயே குறைத்தும், ஐவிஎஃப்புக்குப் பிறகு குழந்தை பிறந்த விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, எடை குறைத்தவர்களில் 29.6 சதவீதம், நேராக ஐவிஎஃப்புக்குப் போனவர்களில் 27.5.

அதற்காக எடை குறைப்பது வீண் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். இரண்டு ஆய்விலுமே எடை குறைத்த பெண்களுக்குத்தான் சிகிச்சை இல்லாமல் இயற்கையாகக் கரு தங்கியது அதிகம். கர்ப்பத்தில் வரும் சர்க்கரை, பிரஷர், ஐவிஎஃப்புக்குக் கருமுட்டை எடுக்கும்போது தரும் மயக்க மருந்து, எல்லாவற்றுக்கும் எடை குறைவாக இருந்தால் நல்லது. இருபத்தாறு வயதுப் பெண்ணை ஆறு மாதம் காத்திருக்கச் சொன்னால் சரி. 35க்கு மேலே முட்டையின் எண்ணிக்கையும் தரமும் வேகமாகக் குறையும், அந்த ஆறு மாதத்தை யார் திருப்பித் தருவார்கள்? கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எத்தனை கிலோ, எந்த மாதத்துக்குள், குறையவில்லை என்றால் அடுத்து என்ன என்று டாக்டரிடமே கேளுங்கள். எனக்குத் திருத்தமான பதில் வரவில்லை. வேறு டாக்டரிடம் மாறிவிட்டேன், அவர் சிகிச்சையும் நடையும் சேர்ந்தே போகட்டும் என்றார்.

ஐந்துக்கு இரண்டரை, அந்த இரண்டரையும் டயட்டீஷியனுக்கே. அவரை மட்டும் தனியாகப் பார்க்கலாம். ரிசப்ஷனில் முதலில் முடியாது என்பார்கள், இன்னொரு தடவை கேட்டால் பில் போட்டுவிடுவார்கள். சனிக்கிழமை மட்டும் போகாதீர்கள், உட்கார நாற்காலி கிடைக்காது.