கிளிப் மூடிப் பெட்டி: ஒதுக்கி முடித்த பிறகு வாங்க வேண்டிய சாமான்

கிளிப் போட்டு மூடுகிற 45 லீட்டர் பிளாஸ்டிக் பெட்டி நல்ல சாமான்தான். ஆனால் வீடு ஒதுக்கத் தொடங்குகிற பலர் முதல் வேலையாக அதைத்தான் வாங்குகிறார்கள். அங்கேதான் பிழை. வெறும் பெட்டி கண்ணில் பட்டால் கை அதை நிரப்பப் பார்க்கும். யாருக்கோ கொடுத்திருக்க வேண்டிய உடுப்பெல்லாம் அழகாக மடிந்து உள்ளே போய்விடும். முதலில் ஒதுக்க வேண்டும், மிஞ்சியதை அளக்க வேண்டும், அதன் பிறகுதான் கடை.

மட்டக்களப்பில் இந்த வேலைக்குப் பொருந்திய காலம் ஆனி, ஆடி. அப்போது அடிக்கிற கச்சான், மலைகளின் மேற்குப் பக்கத்தில் ஈரத்தைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் சூடாகவும் வறட்சியாகவும் இறங்குகிற காற்று. துணியும் கடதாசியும் உள்வரைக்கும் காயும். மார்கழி மழையில் மூடிய பெட்டிக்குள் உடுப்போடு ஈரமும் சேர்ந்தே இருக்கும்.

முழு அலுமாரியையும் கலைக்க வேண்டாம், ஒரு தட்டுப் போதும். அதிலுள்ளதையெல்லாம் பாயில் பரப்புங்கள். போன் வேறு அறையில் இருக்கட்டும். ஒவ்வொன்றாக எடுத்து விரித்து, ஒரு மூச்சு உள்ளே போய் வெளியே வரும்வரை பார்த்த பிறகு முடிவெடுங்கள். தியானத்தில் நடப்பதுதான் இங்கேயும் நடக்கும். 'மெலிந்தால் போடலாம்', 'இது மாமி தந்தது' என்று மனம் ஓடும். ஓடியதைக் கண்டுகொண்டு, கையில் இருக்கிற துணிக்குத் திரும்பி வர வேண்டும். அப்படிப் பிடித்துப் பார்க்கும்போதுதான் அக்குள் நைந்திருப்பதும் இடுப்பு இறப்பர் தளர்ந்திருப்பதும் தெரியும். 25 நிமிடத்தோடு நிறுத்துங்கள். களைத்த மனம் ஒன்றில் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் எறியும். கொடுக்கிற உடுப்பு அன்றைக்கே படலை தாண்ட வேண்டும். இரண்டு நாள் விறாந்தையில் இருந்த பை திரும்ப அலுமாரிக்குள் ஏறிவிடும்.

நினைவுச் சாமான்களைக் கடைசிக்கு விடுங்கள். பழைய படங்களையும் கடிதங்களையும் துணிந்து எறியச் சொல்கிற அறிவுரை இந்தக் கரைக்குப் பொருந்தாது. 2004 டிசம்பர் 26 இல் நாவலடியிலும் மருதமுனையிலும் கடல் புகுந்த வீடுகளில் ஒரு கலியாணப் படம்கூட மிஞ்சாதவர்கள் இருக்கிறார்கள். தப்பிய ஒரு சாறியை அவர்கள் பொத்தி வைத்திருப்பதைக் குப்பை சேர்ப்பது என்று யாரும் சொல்லக்கூடாது. நினைவுக்கென்று ஒரு பெட்டி என்ற எல்லை போதும்.

இனிப் பெட்டி. கண்ணாடி மாதிரிப் பளிச்சென்று இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது பெரும்பாலும் பொலிஸ்டைரீன், அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று இருக்கும், விழுந்தால் வெடிக்கும். தேடவேண்டியது 5 என்ற குறி, பொலிபுரொப்பிலீன். கொஞ்சம் பால் நிறமாக இருந்தாலும் உள்ளே இருப்பது தெரியும். அந்த 'தெரிவது' முக்கியம்: கண்ணில் படுகிற உடுப்பைத்தான் எடுத்துப் போடுவோம். கிளிப்பைப் பத்துத் தரம் திறந்து மூடிப் பாருங்கள். மடிகிற இடத்தில் வெள்ளைக் கோடு உடனே ஆழமாக விழுந்தால் அது சீக்கிரம் முறியும். வெயில் படுகிற ஜன்னலோரம் வைத்தால் எந்தப் பெட்டியும் நொறுங்கத் தொடங்கும்.

ஒட்டியிருக்கிற லீட்டர்க் கணக்கையும் அப்படியே நம்பவேண்டாம். பெட்டி அடியில் ஒடுங்கி வருவதால் உள்பக்கத்தை நடு உயரத்தில் அளவுநாடாவால் அளங்கள். 50 × 35 × 25 சென்ரிமீற்றர் என்றால் 43,750. ஆயிரத்தால் பிரித்தால் 43.75 லீட்டர். அலுமாரியின் ஆழத்தையும் அதே நாடாவால் அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கதவு மூடாமல் திரும்பி வருகிற பெட்டிகள் அதிகம். இதில் புத்தகம் அடுக்கினால் அடி வளையும். உடுப்புக்கு மட்டும் வையுங்கள்.

காற்றை உறிஞ்சிச் சுருக்குகிற பைகளை நாம் பரிந்துரைக்கவில்லை. பத்துச் சாறி ஒரு தலையணை அளவுக்குச் சுருங்குவதால் குறைந்துவிட்டது என்ற எண்ணம் வரும், ஒன்றும் குறைந்திருக்காது. சிப்பின் ஓரத்தில் ஒரு நூல் சிக்கினாலே காற்றுத் திரும்ப ஏறும். இலவம் பஞ்சுத் தலையணையை அதில் போட்டால் பஞ்சு பழையபடி எழும்பாது. காட்போட் பெட்டி கறையானுக்கு விருந்து. பழைய றங்குப்பெட்டி உறுதிதான், ஆனால் உப்புக்காற்றில் துருப்பிடித்து வெள்ளைத் துணியில் கறை வைக்கும். இருந்தால் உள்ளே பருத்தித் துணி விரியுங்கள்.

வைக்கும் முன் கஞ்சி போட்ட கைத்தறிச் சாறியைத் தண்ணீரில் அலசிக் கஞ்சியைப் போக்குங்கள், வெள்ளிப்பூச்சி தேடி வருவது அந்த மாப்பொருளைத்தான். ஸ்திரி போட்ட உடுப்பு ஒரு மணித்தியாலமாவது ஆறட்டும். சூட்டோடு மூடினால் மூடியின் உள்பக்கம் வியர்க்கும், ஈரப்பதன் 70 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு பெட்டிக்கு 50 கிராம் அளவில், ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறுகிற சிலிக்கா ஜெல் மணிகள் போடலாம், நிறம் மாறியதும் அதைக் காயவைக்க வேண்டும். நப்தலீன் உருண்டை ஜரிகையில் படக்கூடாது. பச்சைக் குழந்தையின் உடுப்புக்கு அது அறவே வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி குறைந்த பிள்ளைகளுக்கு அந்த ஆவி இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

கிளிப் மூடி தண்ணீர் புகாத மூடி அல்ல. இறப்பர் வளையம் இல்லை. 2011 ஜனவரியில் வந்ததுபோல வெள்ளம் வீட்டுக்குள் ஏறினால், 10 கிலோ உடுப்போடு இருக்கிற 45 லீட்டர் பெட்டி மிதக்கும், சரியும், மூடியோரத்தால் தண்ணீர் குடிக்கும். காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழ்களையும் இதற்குள் வைக்காதீர்கள். சிப் பை ஒன்றில் போட்டு, அதை இன்னொரு சிப் பைக்குள் வைத்து, கைப்பிடியுள்ள சின்னப் பெட்டியில் அலுமாரியின் மேல்தட்டில், கதவைத் திறந்தவுடன் எட்டுகிற இடத்தில் வையுங்கள்.